எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு: ரிப்பேருக்குப் பிறகு படம் கலங்கிய ஒரு சூப்பர் ஃபாமிகாம்

"அண்ணே, படம் வரையுற பிபியூ சிப் போயிடுச்சாம். கடையில அப்படித்தான் சொல்லிட்டாங்க. ஆனா தூக்கிப் போட மனசு வரல" என்று சொல்லிக்கொண்டே தம்பி ஒருவர் தன் பழைய நிண்டெண்டோ கேம் கன்சோலான சூப்பர் ஃபாமிகாமை என் மேசையில் வைத்தார். கூடவே இரண்டு கேம்கள்: சூப்பர் மாரியோ வேர்ல்ட், எஃப்-ஜீரோ. 1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் அந்தக் கன்சோல் விற்பனைக்கு வந்த நாளிலேயே வெளியானவை இரண்டும்.

இதைச் சரிசெய்ய ஆன நேரம் இரண்டு நிமிடம். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று மாலை ஆனது. அதில் ஒரு முழு மாலை, மல்டிமீட்டர் சொன்ன பொய்யை நான் நம்பியதால் போனது. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே அறிகுறியோடு யாராவது ஒரு கன்சோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ரிப்பேருக்கு முன்பு

முதலில் நான் கேட்டது, "எதுக்கு ரிப்பேருக்குக் குடுத்தீங்க?" என்பதுதான். கன்சோல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்ததாம். இருட்டான காட்சிகளில் திரையின் நடுவே மேலிருந்து கீழாக மங்கலான ஒரு வெளிச்சக் கோடு மட்டும் தெரிந்திருக்கிறது. கெப்பாசிட்டர் எல்லாம் பழசாகியிருக்கும், மாற்றினால் போய்விடும் என்று யாரோ சொல்ல, ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அத்தனையும் மாற்றப்பட்டன. திரும்பி வந்த பெட்டியில் அந்த மங்கல் கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேல் படம் முழுக்கக் கலங்கியிருந்தது.

இந்த ஒரு தகவல் பாதி வேலையை முடித்துவிட்டது என்றே சொல்வேன். முப்பது வருடம் ஓடிய சிப், கெப்பாசிட்டர் மாற்றிய அதே நாளில் தானாகச் செத்துப் போவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் கை பட்ட இடத்தில் ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைப்பதுதான் நியாயம். பிபியூ என்பது இந்தக் கன்சோலுக்காகவே செய்த படச் சிப்; இதில் அப்படி இரண்டு உண்டு. இன்னொரு கன்சோலை உடைத்துத்தான் அதை எடுக்க முடியும். அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மின்சாரத்திலிருந்து தொடங்கினேன். இந்தக் கன்சோலுக்கு 10 வோல்ட், 850 மில்லிஆம்பியர் அடாப்டர்; பிளக்கின் நடுவில் நெகட்டிவ். உள்ளே 7805 ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக இறக்குகிறது. அளந்தால் 4.98 வந்தது, கேம் ஓடும்போதும் இறங்கவில்லை. புதிய கெப்பாசிட்டர்களின் பிளஸ், மைனஸ் எல்லாம் சரியான பக்கம். கார்ட்ரிட்ஜ் தகடுகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். இரண்டு கேமிலும் ஒரே மாதிரிக் கோளாறு என்பதால் அங்கே தவறில்லை என்று ஏற்கெனவே தெரியும், இருந்தாலும் துடைத்துவிடுவது பழக்கம்.

படம் என்ன சொல்கிறது

சாலிடரிங் அயர்னைத் தொடாமல் ஒரு மணி நேரம் கேம் விளையாடினேன். விளையாடினேன் என்பதைவிட, பார்த்தேன் என்பதே சரி.

சூப்பர் மாரியோ வேர்ல்டில் இசை சுத்தமாக இருந்தது. பட்டனை அழுத்தினால் மாரியோ குதித்தான், எதிரியை மிதித்தால் எதிரி செத்தான், நாணயம் தொட்டால் சத்தம் வந்தது. ஆக, பிராசஸரும் அதன் 128 கேபி ராமும் ஒழுங்காக வேலை செய்கின்றன. நிறங்களும் சரியாக இருந்தன. நிறப் பட்டியல் இருப்பது இரண்டாவது பிபியூவுக்குள், அது நலம்.

கெட்டுப்போனது வடிவம். திரை முழுக்க மெல்லிய நெடுக்குக் கோடுகள், சீப்புப் பல் மாதிரி. மேலே மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் எண்களுக்குப் பதில் வேறு ஏதோ துண்டுப் படங்கள். தரையும் மலையும் பல இடங்களில் தப்பான ஓடு பதித்த தளம்போல இருந்தன.

மாரியோவை நடக்க வைத்தபோதுதான் முதல் நல்ல தடயம் கிடைத்தது. கோடுகளும் நடந்தன. முன்னால் உள்ள தரையின் கோடுகள் தரையின் வேகத்தில், பின்னால் உள்ள மலையின் கோடுகள் மலையின் வேகத்தில், மதிப்பெண் பட்டையின் கோடுகள் அசையாமல். டிவியிலோ வீடியோ கேபிளிலோ தவறு இருந்தால் கோடு திரையோடு ஒட்டி நிற்கும். இது படத்தோடு ஒட்டி நகர்கிறது. அப்படியென்றால் படம் வரையப்படுவதற்கு முன்பே, அதை எடுத்துவரும் இடத்தில் தவறு.

அசையாத மதிப்பெண் பட்டையைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் கோடுகளை எண்ணினேன். 32. திரையின் அகலம் 256 புள்ளிகள். 256-ஐ 32-ஆல் வகுத்தால் 8. எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு.

இந்த எட்டு ஏன் முக்கியம் என்று சொல்ல, இந்தக் கன்சோல் படத்தை எப்படி வைத்திருக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். எல்லாப் படமும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னச் சதுரங்கள். இவற்றை டைல் என்பார்கள். டைல்கள் இருப்பது 64 கேபி வீடியோ ராமில். அந்த 64 கேபி, ஒவ்வொன்றும் 32 கேபி கொண்ட இரண்டு தனிச் சிப்களாக போர்டில் உட்கார்ந்திருக்கிறது. 16 பிட் கொண்ட ஒவ்வொரு சொல்லிலும் கீழ்ப் பாதி ஒரு சிப்பில், மேல் பாதி இன்னொரு சிப்பில். கீழ்ச் சிப், மேல் சிப் என்றே வைத்துக்கொள்வோம்.

டைலின் ஒரு வரிசையில் உள்ள எட்டுப் புள்ளிகளையும் ஒரு பைட்டின் எட்டு பிட்கள் தாங்குகின்றன. அந்த பைட்டின் மிக உயர்ந்த பிட், அதாவது 128-இன் இடத்தில் இருப்பது, இடது ஓரப் புள்ளிக்கு உரியது. ஒரு புள்ளிக்கு 16 நிறம் வேண்டுமென்றால் அப்படி நான்கு பைட் வேண்டும். இரண்டு கீழ்ச் சிப்பிலிருந்து வரும், இரண்டு மேல் சிப்பிலிருந்து வரும். இப்போது சிப்பிலிருந்து பிபியூவுக்குப் போகும் எட்டு டேட்டா கம்பிகளில் அந்த உயர்ந்த பிட்டின் கம்பி மட்டும் எப்போதும் 1 என்றே சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு டைலின் இடது ஓரமும் நிறம் மாறும். வெறுமையாக, கண்ணாடிபோல் இருக்க வேண்டிய புள்ளிகூட நிறம் பெற்றுவிடும். எட்டுப் புள்ளிக்கு ஒரு கோடு வந்துவிட்டது.

உறுதி செய்ய மாரியோவையே பயன்படுத்தினேன். அவன் ஒரு பக்கம் பார்த்து நின்றபோது கோடு உடம்பின் ஒரு விளிம்பில் இருந்தது. திருப்பினேன், கோடும் எதிர் விளிம்புக்குப் போனது. திரும்பிய மாரியோ வேறு படம் இல்லை, அதே டைலைக் கண்ணாடிபோல் புரட்டிக் காட்டுவதுதான். புரட்டினால் கோடும் புரள்கிறது. ஒரு அரைமணி நேரம் அவனை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ரிப்பேர் வேலையில் எனக்குப் பிடித்த தருணம் இதுதான். போர்டில் கை வைக்காமலே உள்ளே எந்தக் கம்பி என்று தெரிய ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். மாரியோவின் உடம்பில் கோடு இருந்ததே தவிர, உருவம் மாறவில்லை. மாரியோ மாரியோவாகவே இருந்தான். பின்புலமோ தப்பான டைல்களால் நிரம்பியிருந்தது. காரணம் இருக்கிறது. நகரும் உருவங்களுக்கு எந்த டைல் வேண்டும் என்ற எண், முதல் பிபியூவுக்குள்ளேயே இருக்கும் 544 பைட் கொண்ட தனி நினைவகத்தில் இருக்கிறது. அங்கே பழுதில்லை. பின்புலத்துக்கான டைல் எண் மட்டும் அதே வீடியோ ராமிலிருந்து, அதே கம்பிகள் வழியாக வருகிறது.

கீழ்ச் சிப்பா, மேல் சிப்பா?

கோடு மட்டும் இதைச் சொல்லாது. எந்தச் சிப்பின் உயர்ந்த பிட் கெட்டாலும் இடது ஓரத்தில்தான் கோடு விழும். பின்புலம்தான் பதில் வைத்திருந்தது.

பின்புலத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 பிட் குறிப்பு ஒன்று உண்டு. கீழ் எட்டு பிட்டும் டைல் எண். மேல் எட்டு பிட்டில் டைல் எண்ணின் மிச்ச இரண்டு பிட், நிறப் பட்டியலுக்கு மூன்று, முன்னுரிமைக்கு ஒன்று, இடவலமாகப் புரட்ட ஒன்று, தலைகீழாகப் புரட்ட ஒன்று. தலைகீழாக்கும் பிட்தான் ஆக உயரத்தில் இருக்கிறது. மேல் சிப்பில் அந்தக் கம்பி போயிருந்தால் டைல்கள் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே தப்பான டைல்கள் வந்தனவே தவிர, வந்தவை நேராக நின்றன, நிறமும் பொருந்தியிருந்தது. டைல் எண்ணோடு 128 கூடிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கீழ்ச் சிப்தான்.

எஃப்-ஜீரோவைப் போட்டதும் சந்தேகமே இல்லாமல் போனது. அந்தப் பந்தயப் பாதை மோட் 7 என்ற முறையில் வரையப்படுவது. மோட் 7-இல் வீடியோ ராமின் பங்கீடே வேறு. கீழ்ச் சிப்பில் டைல் எண்கள் மட்டும், மேல் சிப்பில் புள்ளிகளின் நிறம் மட்டும். கீழ்ச் சிப்பின் கம்பி ஒன்று போயிருந்தால் பாதையில் தப்பான துண்டுகள் வர வேண்டும், ஆனால் சீப்புக் கோடு வரக் கூடாது. அப்படியேதான் இருந்தது. பாதை குதறிப் போட்டதுபோல் இருந்தாலும் ஒவ்வொரு துண்டும் கோடில்லாமல் சுத்தமாக இருந்தது. அதன் மேல் ஓடிய கார்களில் மட்டும் கோடு. இந்த ஒரு திரையை வைத்தே பழுதைச் சொல்லிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. சூப்பர் ஃபாமிகாம் படக் கோளாறு பார்ப்பவர்கள் மோட் 7 கேம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ராமில் எந்த இடம் என்று சொல்லும் முகவரிக் கம்பி போயிருந்தால் படம் வேறு மாதிரி இருந்திருக்கும்: ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மேல் எழுதப்பட்டு, டைல்கள் கட்டம் கட்டமாக இடம் மாறியிருக்கும். அந்த வழியில் நேரம் செலவிடவில்லை.

இரண்டாம் மாலை ஒரு சின்ன நிரல் எழுதி, நாமே நிரலை ஏற்றிக்கொள்ளக்கூடிய ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் வழியாக ஓட்டினேன். திரையை அணைத்துவிட்டு, வீடியோ ராமின் 32,768 சொற்களிலும் பூஜ்யம் எழுதி, திரும்பப் படித்து, மாறியிருப்பதை எண்ணுவது அதன் வேலை. (முகவரி கொடுத்தபின் முதல் முறை படிப்பது பழைய மதிப்பைத்தான் தரும்; அதை விட்டுவிட வேண்டும். முதல் தடவை அதை மறந்து தவறான கணக்கு வந்தது.) மேல் பைட் எப்போதும் 0. கீழ் பைட் பெரும்பாலான இடங்களில் 128, சில இடங்களில் 0. மறுபடி ஓட்டினால் அந்தச் சில இடங்கள் வேறு இடங்களாக இருந்தன. சிப்புக்குள் நினைவறை கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே முகவரிகள் தப்பு காட்டும். இது முகவரி பார்க்கவில்லை, எல்லா இடத்திலும் தடுமாறுகிறது. எதனோடும் சேராமல் மிதக்கும் கம்பியின் குணம் இது.

மீட்டர் சொன்ன பொய்

சரி, இனி மல்டிமீட்டரில் பீப் போட்டுப் பார்த்தால் (இரு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் சத்தம் வரும்) முடிந்தது என்று நினைத்தேன். கீழ்ச் சிப்புக்கு 28 கால்கள். டேட்டா கால்கள் 11, 12, 13, பிறகு 15 முதல் 19 வரை. உயர்ந்த பிட்டின் கால் 19 என்று சிப்பின் தாள் சொன்னாலும் அதை மட்டும் பார்க்கக் கூடாது. ராமில் எழுதிய வரிசையில்தான் படிக்கிறோம் என்பதால் போர்டு வடிவமைப்பவர் டேட்டா கம்பிகளை வசதிக்கேற்ப மாற்றிப் போட்டிருக்கலாம், ராமுக்கு அது பொருட்டில்லை. எட்டுக் காலையும் பிபியூவரை சோதித்தேன்.

எட்டும் பீப் அடித்தன.

கம்பி அறுபடவில்லை என்றால் சிப்தான் உள்ளே செத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். மாற்றுச் சிப் தேட ஆரம்பித்தேன், பழையதைக் கழற்ற ஹாட் ஏரையும் எடுத்து வைத்தேன். இது தவறான முடிவு. அன்று கழற்றியிருந்தால் புதுச் சிப்போடு கன்சோல் சரியாகியிருக்கும், நானும் சிப் பழுது என்றே நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். கன்சோல் சூடாக ஆக, கோடுகள் கொஞ்சம் சிமிட்ட ஆரம்பித்திருந்ததை முதல் மாலையே குறித்து வைத்திருந்தேன். செத்த சிப் சூட்டில் சிமிட்டலாம்தான். ஆனால் எங்கள் ரிப்பேர் மேசைகளில் சூட்டுக்குச் சிமிட்டுவது என்றால் முதலில் வாயில் வரும் வார்த்தை டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத சாலிடர்.

மூன்றாம் மாலை கேமை ஓடவிட்டு, பல்குத்தும் மரக்குச்சி ஒன்றால் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினேன். மரம் மின்சாரம் கடத்தாது, காலையும் கீறாது. ஒரு வரிசை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மறுவரிசையில் மூலையை நெருங்கும்போது ஒரு காலை அழுத்தியதும் திரை தெளிந்தது. மதிப்பெண் எண்களாகத் திரும்பியது, மலை மலையானது, மாரியோவின் உடம்பில் கோடில்லை. குச்சியை எடுத்தேன், சீப்பு திரும்பி வந்தது. அழுத்தினேன், போனது.

மீட்டர் ஏன் ஏமாற்றியது என்று அப்போதுதான் புரிந்தது. மீட்டரின் முனையைக் காலின் மேல் வைத்து அழுத்தித்தான் பீப் பார்க்கிறோம். நான் அழுத்திய அழுத்தமே தூக்கிக்கொண்டிருந்த காலைப் போர்டோடு சேர்த்து, இணைப்பு இருப்பதாகக் காட்டிவிட்டது. முனையைக் காலின் நுனியில் வைக்காமல், சிப்பின் உடம்பை ஒட்டிக் கால் வெளியே வரும் இடத்தில் ஊசியால் பட்டும் படாமலும் தொட்டுப் பார்த்தேன். ஏழு கால்கள் பீப் அடித்தன. அந்த ஒன்று அடிக்கவில்லை.

உருப்பெருக்கியில் பார்த்தால் கதை முழுவதும் அங்கே எழுதியிருந்தது. அந்தக் காலுக்கு அடியில் தலைமுடி அகலத்துக்கு ஒரு இடைவெளி. கால், சாலிடர் திட்டின் மேல் உட்காராமல் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கால்கள் இரண்டின் சாலிடர் மற்றவைபோல மினுங்காமல் சாம்பல் பூத்திருந்தது. அதே பக்கத்தில் சில மில்லிமீட்டர் தள்ளிப் புதிய கெப்பாசிட்டர் ஒன்று, அதைச் சுற்றிக் காய்ந்த பழுப்பு ஃபிளக்ஸ் (சாலிடர் நன்றாக ஒட்டத் தடவுவது). பழைய கெப்பாசிட்டரை ஹாட் ஏரால் கழற்றியிருக்கிறார்கள். சூடான காற்று கெப்பாசிட்டரோடு நிற்காமல் சிப்பின் கால்களிலும் பட்டு, அங்கிருந்த சாலிடரும் இளகியிருக்கிறது. அது இறுகுவதற்குள் போர்டோ சிப்போ ஒரு நூல் அசைந்திருக்க வேண்டும். பக்கத்தில் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இத்தகைய சின்னக் கெப்பாசிட்டர்களை நான் இரண்டு அயர்ன் வைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடாக்கி எடுப்பதுதான் வழக்கம். காற்று அக்கம்பக்கம் பார்க்காது.

ஃபிளக்ஸ் தடவி, 320 டிகிரியில் மெல்லிய முனையால் காலை இரண்டு வினாடி தொட்டேன். சாலிடர் காலைச் சுற்றி ஏறிப் பளபளத்தது. சாம்பல் பூத்த இரண்டையும், கையோடு மிச்சக் கால்களையும் அதேபோல் தொட்டுவிட்டு, பழைய ஃபிளக்ஸை ஆல்கஹாலால் கழுவினேன்.

நிரலை மறுபடி ஓட்டினேன். பூஜ்யம் எழுதினால் பூஜ்யம், 255 எழுதினால் 255, ஒன்றுவிட்டு ஒரு பிட் எழுதினாலும் அப்படியே. மூடியை மூடி, சூடேறட்டும் என்று மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. எஃப்-ஜீரோவின் பாதை வளைந்து வளைந்து தெளிவாக ஓடியது.

மிஞ்சிய கோடு

எல்லாவற்றுக்கும் காரணமான அந்த நடுத்திரை வெளிச்சக் கோடு மட்டும் இன்னும் இருந்தது. அது பழுதில்லை. இந்தக் கன்சோலின் முக்கிய ராமைப் புதுப்பிக்க, ஒவ்வொரு திரைவரியிலும் பிராசஸர் 40 கடிகாரத் துடிப்புக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒரு வரிக்கு மொத்தம் 1,364 துடிப்பு. அந்த நிறுத்தம் வரும் இடம் திரையில் பார்த்தால் நடுவுக்குச் சற்று இடப்பக்கம். அந்த நேரத்தில் மின் இழுப்பு மாறுவது வீடியோவில் லேசாகக் கசிந்து, வரிக்கு வரி ஒரே இடத்தில் விழுவதால் நெடுக்குக் கோடாகத் தெரிகிறது. சிபியூவும் இரண்டு பிபியூக்களும் தனித்தனிச் சிப்பாக உள்ள பழைய போர்டுகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். கெப்பாசிட்டர் மாற்றினால் சிலவற்றில் மங்கும், சிலவற்றில் மாறாது. இவருடையது மாறவில்லை.

பெட்டியை வாங்க வந்தபோது இதையும் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டான கட்டம் ஒன்றுக்குப் போய், திரையை ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்.

"இது முதல் நாள்லேருந்தே இருந்திருக்குமாண்ணே?"

"இருந்திருக்கும் தம்பி. வேணும்னா வீடியோ பக்கம் கொஞ்சம் வேலை செஞ்சு குறைச்சுப் பார்க்கலாம். போர்டை மறுபடி திறக்கணும்."

"வேண்டாம்ணே" என்றார். கன்ட்ரோலரை வைக்கவில்லை. அந்தக் கட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.